திரையில் தெரிந்த தையல் மெசின்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் தம்பியும் சுகம்தானே? முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை, விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் ரஜனி அன்ரியோடு இங்கே மனோர் பார்க்கில் ஒரு கூட்டத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். போருக்குப் பிறகு பெண்களுக்கு அரசு செய்த திட்டங்களைப் பற்றி, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் படங்கள் காட்டிப் பேசினார். ரோல்ஸ் தட்டோடு நிமிர்ந்தால், திரை முழுக்க நீங்கள்! பக்கத்தில் புதுத் தையல் மெசின்.

“கணவனை இழந்த இவர் இன்று தையல்கடை முதலாளி” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

படம் எடுத்தவுடன் அந்த மெசினை அடுத்த வீட்டில் வைத்துப் படம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போனார்களே அம்மா! அது இருந்திருந்தால் நான் பள்ளிக்கூடத்தை விட்டிருப்பேனா?

கடையில் விலை கேட்கவே கூசுகிற நான் கத்திவிட்டேன்.

“அது என்ர அம்மா! மெசினை அண்டைக்கே திருப்பிக் கொண்டு போட்டினம்!”

“பிள்ளை வேற ஆரையோ நினைச்சிட்டா” என்று அவர் சிரித்தார்.

“பெத்த தாயை அவளுக்குத் தெரியாதே?” என்று அன்ரி கரண்டியோடு முன்னுக்குப் போனார். “மெசின் எங்க எண்டு சொல்லும்!”

அவர் அவசரமாக அடுத்த படத்துக்கு மாற்றினார்.

கூட்டம் வைத்தவர்கள் உங்கள் போன் நம்பரைக் கேட்கிறார்கள். விசாரிப்பார்களாம், மெசினும் தருவார்களாம். நான் இன்னும் கொடுக்கவில்லை. ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் நீங்கள் இடித்த மிளகாய்த்தூள் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். இங்கே வாங்குவதில் மணமே இல்லை.

அன்ரி கூப்பிடுகிறார். அந்தப் படத்தை உங்களைக் கேட்காமல் காட்டினார்கள். நம்பரை உங்களைக் கேட்டுத்தான் கொடுப்பேன்.

உங்கள் மகள்,
நிலானி