விட்டத்தின் கீழே இத்தா

கொங்காவெல வீதி, மாத்தளை
24.10.1932

அன்புள்ள ஸெய்னுலாப்தீன் நானாவுக்கு, தங்கச்சி ஜுனைதா ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் மகள் றமீஸாவும் சுகம். நாவுலையில் நீங்களும் கடையும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன்.

றமீஸாவின் வாப்பாவுடைய நாற்பதாம் நாள் கத்தம் முந்தாநாள் ஓதப்பட்டது. இத்தனை வருஷக் கூட்டாளி நீங்கள் வராதது எனக்கு மனத்தாங்கல்தான். மழையைச் சாட்டி உங்களை விட்டுவிடுகிறேன்.

அந்த மழைதான் என்னை எழுதவும் வைக்கிறது. நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் நான் இத்தா இருக்கும் அறையின் விட்டத்தைக் கறையான் தின்றுவிட்டது. ஓடு விலகிப் படுக்கைமேல் ஒழுகுகிறது. சுவரும் வயிறு தள்ளி நிற்கிறது. அவர் இருந்தபோதே பல தரம் சொன்னார். "செய்வோம், செய்வோம்" என்றீர்கள். வாடகை வாங்கும் வீட்டுக்காரர் நீங்கள்தானே? கூரை வேலை செய்யும் பாஸ்மாரை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கச்சி ஜுனைதா

நாவுல
31.10.1932

அன்புத் தங்கச்சி ஜுனைதாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

யாகூப் மவுத்தானதில் எனக்கு ஒரு கை போனது போல இருக்கிறது. கத்தத்துக்கு வராததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஏசுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பாஸ்மாரை எப்படி அனுப்புவேன்? ஓட்டைப் பிரித்தால் கீழே இருப்பவர் தெரியாமலா போவார்? இத்தாவில் இருக்கும் பெண் அந்நிய ஆம்பிளைகள் கண்ணில் படலாமா? ஊர் என்னைத்தான் காறித் துப்பும்.

இத்தா முடிய நோன்பு பாதியாகிவிடும். பெருநாள் கழிந்ததும் கூரை முழுவதையும் மாற்றித் தருகிறேன். அதுவரை ஒழுகும் இடத்தில் ஒரு பானையை வைத்துச் சமாளியுங்கள். மகளுக்கு என் அன்பு.

ஸெய்னுலாப்தீன் நானா

மாத்தளை
9.11.1932

அன்புள்ள நானாவுக்கு, ஸலாம்.

பானை தண்ணீரைத்தான் தாங்கும், விட்டத்தைத் தாங்காது. ஞாயிற்றுக்கிழமைப் பகல் மழையில் விட்டத்தின் ஒரு துண்டு ஓட்டோடு சேர்ந்து விழுந்தது. றமீஸா அந்த இடத்திலிருந்து எழும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டாள். அதற்குப் பிறகு பிள்ளை என் மடியை விட்டு இறங்குவதில்லை.

ஒரு வழி சொல்கிறேன். நானும் மகளும் குசினியில் அடுப்படிப் பக்கம் திரை கட்டி இருந்துகொள்கிறோம். பாஸ்மார் வந்து வேலையைப் பார்க்கட்டும். அது ஆகாதென்றால் அவர் கையெழுத்திட்ட மூன்று வருட வாடகை உடன்படிக்கையை இப்போதே முடித்து எங்களை விடுங்கள். யட்டவத்தையில் என் தம்பி புஹாரியின் வீட்டுக்குப் போய்விடுகிறோம். மார்க்கம் தெரிந்த நம் பள்ளி லெப்பையிடம் அவர் மனைவி மூலம் கேட்டேன். "வீடு விழுற மாதிரி இருந்தா வேற வீட்டுல போய் மிச்ச இத்தாவ இருக்கலாம்னு சொல்லுங்க" என்று சொல்லியனுப்பினார்.

உடனே பதில் எழுதுங்கள்.

ஜுனைதா

நாவுல
14.11.1932

ஜுனைதாவுக்கு, ஸலாம்.

யட்டவத்தைப் பேச்சை விட்டுவிடுங்கள். பத்திரம் எழுதும் நொத்தாரிசு முன்னால் யாகூப் வைத்த கையெழுத்து அவனோடு மவுத்தாகவில்லை. லெப்பை ஆயிரம் சொல்வார், ஊர் வாயை அவர் வந்து மூடுவாரா? இத்தா வீட்டை விட்டு வெளியே கால் வைத்தால், பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்கார்மாரிடம் நானே சொல்லவேண்டி வரும். நாளைக்கு வளர்ந்த பிறகு றமீஸாவைப் பெண் கேட்டு எந்த வீட்டிலிருந்து வருவார்கள்?

நான் கெட்டவனில்லை. பெண்சாதி போன பிறகு நானும் தனிக்கட்டைதான். இப்போது பேசக் கூடாத பேச்சு என்று எனக்கும் தெரியும். இத்தா முடியட்டும். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யார் வாடகை கொடுப்பது, யார் வாங்குவது? பொறுமையாக யோசித்துப் பாருங்கள்.

ஸெய்னுலாப்தீன்

யட்டவத்த
21.11.1932

ஸெய்னுலாப்தீன் நானாவுக்கு, ஸலாம்.

போன கடிதத்தில் தங்கச்சி என்ற சொல்லைக் காணவில்லை. கண்ணில்தான் கோளாறோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். பாஸ்மார் ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. இத்தாவைக் காட்டி என்னை அந்த விட்டத்தின் கீழே கட்டிப்போட்டிருக்கிறீர்கள். உங்கள்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் காகிதம் பற்றிக்கொள்ளும்.

நேற்று புஹாரி திரை கட்டிய மாட்டுவண்டி கொண்டுவந்தான். பட்டப்பகலில், கடைத்தெரு வழியாகத்தான் வந்தோம். மிச்ச இத்தாவை இங்கே ஓர் அறையில் இருக்கிறேன். மரைக்கார்மாரிடம் நீங்கள் சொல்லுமுன் நானே சொல்லியனுப்பிவிட்டேன். சாவியும் அவர்களிடம்தான் இருக்கிறது.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். நல்ல மழை நாளாகப் பார்த்து அந்த வீட்டுக்கு அவர்களைக் கூட்டிப்போங்கள். நான் பாய் விரித்திருந்த இடத்தில் எல்லோரும் உட்காருங்கள். மழை விடும்வரை ஒருவரும் எழும்பாமல் இருந்தால், நான் அங்கே திரும்பி வந்து, நீங்கள் சொன்ன நாள்வரை இருக்கிறேன்.

ஜுனைதா

மாத்தளை
29.11.1932

தங்கச்சி ஜுனைதாவுக்கு, ஸலாம்.

உடன்படிக்கையை நொத்தாரிசிடம் சொல்லி இன்று முடித்துவிட்டேன். இனி உங்களுக்கும் அந்த வீட்டுக்கும் தொடர்பில்லை. கடைசியாக நான் எழுதிய விஷயத்தைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். புஹாரியிடமும் சொல்லவேண்டாம்.

நேற்று மரைக்கார்மாரைக் கூட்டிப்போனேன். கொட்டும் மழை. கதவைத் திறந்ததும் எல்லோரும் படியிலேயே நின்றுவிட்டார்கள். "நீங்க போங்க", "இல்ல, நீங்க மூத்தவங்க, முதல்ல போங்க" என்று ஆளுக்காள் உபசாரம். கடைசியில் பெரிய மரைக்கார் மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஒங்க வீடுதானே, நீங்க போய் உட்காருங்க. நாங்க பார்த்துக்கிட்டு நிக்கிறோம்" என்றார்.

நான் போகவில்லை, தங்கச்சி.

ஸெய்னுலாப்தீன் நானா