மூன்று பித்தளை வாஷர்கள்

என் அன்பு மாப்பிள்ளை மாணிக்கத்துக்கு,

மதுரையிலிருந்து நம் ஊரைப் பிரித்துத் தனி மாவட்டமாக்கிய வருடம் அது. எண்ணில் சொல்லத் தெரியாது எனக்கு. அந்த ஆவணியில் உன் மகள் கலா தொட்டிலில் கிடந்தாள். நம் கேமரா ரிப்பேர் கடைக்கு எதிரே நின்ற வேப்பமரத்தை ரோட்டுக்காக வெட்டினார்கள். ஸ்டுடியோ தங்கராஜ் அண்ணனின் ரெட்டைக் கண் கேமரா கீழே விழுந்து நம்மிடம் வந்தது. வருடங்களை நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன். ஒன்றுகூடத் தொலையவில்லை.

இதை எழுதுகிறவள் அதே கலாதான். உன் முப்பதாம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்களாம். "மாமா, நீங்களும் அப்பாவும் ஒண்ணாத் தொழில் பாத்தவுக. நாலு வரி சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்று நோட்டோடு வந்தாள். "சொல்றேன்த்தா. ஆனா ஒரு சொல் மாத்தக் கூடாது" என்றேன். சரி என்றாள். பாவம், நான் உன்னைப் புகழப் போகிறேன் என்று நினைத்திருப்பாள்.

பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். "கேமராவின் நாடி பிடித்தவர்" என்று போட்டிருக்கிறதாம். யார் நாடியை யாரடா பிடித்தது?

அந்தக் கேமராவைப் பற்றிச் சொல்கிறேன். மலரைப் படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். மேல் கண் நாம் பார்ப்பதற்கு, கீழ்க் கண் பிலிமுக்கு. இரண்டும் ஒரே இடத்தைத் தெளிவாகப் பிடிக்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது பிலிமில் மங்கிப் போகும். இந்தக் கேமராவில் மூன்று நாள் உட்கார்ந்தேன். பித்தளைத் தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, கீழ் லென்ஸுக்கு அடியில் மூன்று வாஷர் கொடுத்தேன். பிலிம் ஓடும் இடத்தில், ஒரு பக்கம் தேய்த்த கண்ணாடியை வைத்து, மொட்டை மாடியிலிருந்து மலைக்கோட்டைச் சுவரைப் பார்த்தேன். சுவரில் கல்லும் கல்லும் சேர்கிற கோடு தெரிந்தது. ஸ்க்ரூவை முடுக்கி உன் கையில் கொடுத்துவிட்டு அய்யலூருக்கு ஒரு சாவுக் கேதத்துக்குப் போனேன்.

மறுநாள் செம்பட்டியில் கல்யாணம். தங்கராஜ் அண்ணன் அந்தக் கேமராவில்தான் எடுத்தார்.

படம் கழுவி வந்ததும் கடைக்கு வந்து மேசையில் வீசினார். பந்தல் கால் தெளிவு, வாழைமரம் தெளிவு. மாலையும் கழுத்துமாக முன்னால் நின்றவர்கள் அத்தனை பேரும் மூடுபனி. "யாருலே இதப் பாத்தது?" என்று கத்தினார். தெருவே எட்டிப் பார்த்தது. நீ பெஞ்சியை விட்டு எழுந்திருக்கவில்லை. "எங்க மச்சான் பாத்ததுண்ணே. கைநாட்டு. அம்புட்டுத்தான் வரும்" என்றாய்.

அம்புட்டுத்தான் வரும்! என் தங்கச்சியைக் கட்டியவன் சொல்கிறான், அதுவும் எழுதப் படிக்கத் தெரிந்தவன்.

பத்து நாள் கழித்துக் கல்யாணப் பெண்ணே வந்தாள். கழுத்தில் தாலி மஞ்சள் வெளுக்கவில்லை. நீ அப்போது உள்ளேதான் இருந்தாய், திரைக்குப் பின்னால். அவளைப் பெற்ற அய்யா கல்யாணம் முடிந்த எட்டாம் நாள் நெஞ்சு வலியில் போய்விட்டார். அந்த மனிதர் வாழ்நாளில் படத்துக்கு நின்றது அந்த ஒரு நாள்தானாம். அவள் என்னைத் திட்டவில்லை. படத்தை நீட்டி, "அண்ணே, பின்னாடி நிக்கிற பந்தக்காரன் மூஞ்சி தெரியுது. எங்கய்யா மூஞ்சி எங்கண்ணே?" என்று கேட்டாள்.

நான் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஏன் தெரியுமா? நான்தான் கெடுத்தேன் என்று நானும் நம்பிவிட்டேன். மூன்று நாள் வேலை முழுக்க ஞாபகத்தில் இருக்கிறது, எங்கேயும் பிசகில்லை. ஆனாலும் படித்தவன் சொல்கிறான், தப்பு நம் கையில்தான் இருக்கும் என்று என் ஞாபகத்தையே தள்ளினேன். அடுத்த தையில் கடையை விட்டு வேடசந்தூர் மில் வேலைக்குப் போனேன். இருபத்திரண்டு வருடம் பஞ்சுத் தூசி. மில் பஸ்ஸில் உட்கார்ந்து இந்த இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே போவேன். எந்த இடத்தில் தவறவிட்டோம்? எந்த ஸ்க்ரூ?

அந்த இருபத்திரண்டு வருடமும் நீ என் வீட்டில் பொங்கல் சாப்பிட்டாய். "மச்சான், வெஞ்சனம் இன்னுங் கொஞ்சம் வைக்கச் சொல்லுங்க" என்பாய். எப்படியடா இறங்கியது?

உன் காரியம் முடிந்த மறுநாள் கலா உன் இரும்புப் பெட்டியை என் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். உள்ளே அதே கேமரா. தங்கராஜ் அண்ணன் அதை உன்னிடமே விட்டெறிந்த பிறகு, மதுரையில் விற்றுவிட்டேன் என்றாயே? அதன் தோல் பைக்குள் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தேன். மூன்று பித்தளை வாஷர்.

மாப்ளே, பொட்டலம் சுற்றியிருந்த காகிதத்தில் எழுத்து இருந்தது. அதைக் கலா படிக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. ராவியது நான். அந்த ஓரம் என் விரலுக்குத் தெரியாதா?

பிறகு கலா படித்தாள். "மச்சான், நீங்கள் வைத்தது சரிதான். நான் கண்ணாடியைத் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, பிசகு என்று எண்ணி வாஷரை எடுத்துவிட்டேன். கல்யாணப் படம் வந்த அன்றே தெரிந்துகொண்டேன். மன்னிக்கவும்."

கண்ணாடியைத் திருப்பி வைத்தாயாம். அதில் ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு. சொரசொரப்புத்தான் லென்ஸைப் பார்க்க வேண்டும். மாற்றி வைத்தால் கண்ணாடியின் கனத்துக்குக் கணக்குத் தப்பும். நான் நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்த்துத்தான் வைப்பேன். உனக்கு நகம் இல்லையா? நான் கேதத்துக்குப் போன நேரத்தில், கைநாட்டு பார்த்த வேலையாயிற்றே என்று திறந்திருக்கிறாய். உன் கண்ணாடி தலைகீழ், என் கோட்டை மங்கல். உடனே என் வாஷரைப் பிடுங்கிவிட்டாய்!

தவறு யாருக்கும் வரும். அதற்கு நான் கோபப்படவில்லை. படம் வந்த அன்றே தெரிந்ததே, அதற்குத்தான். அந்தப் பெண் கேட்கும்போது திரைக்குப் பின்னால் நின்றாயே, அதற்குத்தான். கடைசியில் மனசு உறுத்தி ஒத்துக்கொண்டாய், யாரிடம்? காகிதத்திடம். எனக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தே எழுதி வைத்தாய். நாற்பது வருடத்தில் ஒருநாள், டீக்கடையில் கிளாஸைக் கழுவுகிற அளவு நேரத்தில், "மச்சான், நான்தான்" என்று சொல்ல முடியவில்லையா? என்னைத் தெரு கேட்கக் கைநாட்டு என்றாய். காகிதத்தில் மட்டும் "நீங்கள்", "மன்னிக்கவும்" என்று மரியாதை.

கலா எழுதுவதை நிறுத்திவிட்டாள். "ஏன்த்தா?" என்றேன். "ஊரே படிக்கும் மாமா" என்றாள். "உங்கப்பன் என்னைய ஊரு கேக்கத்தான் சொன்னான்" என்றேன். மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "சொல்லுங்க, எழுதுறேன்" என்றாள். உனக்குப் பிறந்தும் அவள் நேரானவள்.

போன வியாழக்கிழமை நம் பழைய மொட்டை மாடிக்கு ஏறினேன். கீழே இப்போது செல்போன் கடை. "பெரியவரே, கோட்டையப் படம் எடுக்கவா? போன்லயே எடுக்கலாமே" என்றான் கடைக்காரன். "எடுக்க வரலப்பு, பாக்க வந்தேன்" என்றேன். அரை மலையைப் புதுக் கட்டடங்கள் மறைக்கின்றன. சுவர் தெரிகிறது. மூன்று வாஷரையும் வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். கண்ணாடியைக் கீறிப் பார்த்துப் பொருத்தினேன். கண்புரை அறுத்த கண்தான். கல்லும் கல்லும் சேர்கிற கோடு தெரிந்தது மாப்ளே. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உனக்காக இல்லை.

இப்போது வெளியூர்ப் பையன்கள் பழைய பிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு உன் பெயரைச் சொல்லித் தேடி வருகிறார்கள். கலா அவர்களை என்னிடம் அனுப்புகிறாள். கை நடுங்கவில்லை. இதே கையை நான் எத்தனை வருடம் கட்டிப் போட்டிருந்தேன்! அந்த வருடங்களை எந்தப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனாய்?

தங்கராஜ் அண்ணன் போய்விட்டார். என் தங்கச்சி போய்ச் சேர்ந்தாள், உன்னை நல்லவன் என்று நம்பியே. அந்தக் கல்யாண மாப்பிள்ளையும் கொரோனாவில் போய்விட்டானாம். இப்போது நீ. உண்மையைச் சொல்ல வேண்டிய ஆள் இன்னும் ஒருத்தி இருக்கிறாள். விசாரித்துவிட்டேன். செம்பட்டி ரவுண்டானாவுக்குக் கிழக்கே மகன் வீட்டில் இருக்கிறாள். நாளைக் காலைப் பஸ்ஸுக்குக் கலாவும் கூட வருகிறாள். உன் காகிதத்தை எடுத்துப் போக மாட்டேன். முகத்துக்கு நேரே நின்று, வாயால் சொல்வேன். உன் அய்யா முகத்தை என்னால் திருப்பித் தர முடியாதும்மா, ஆனால் அதை அழித்தது இந்தக் கை இல்லை என்று சொல்வேன். அவள் நம்புவாளோ, கதவைச் சாத்துவாளோ. சொல்லாமல் நான் உன் பக்கத்தில் வந்து படுக்க மாட்டேன். இது சத்தியம்.

நீ ஒரு தடவையாவது அவள் பெயரைக் கேட்டாயா? பாண்டியம்மாள்.

தங்கச்சி முகத்துக்காக இன்னும் உன்னை மாப்பிள்ளை என்றே கூப்பிடுகிற,
உன் மச்சான் கருப்பையா