கிறீச்சிடும் வேட்டை பூட்ஸ்

13-1-1929, ஞாயிறு இரவு.

எண்ணூர்க் கழியில் உள்ளான் குருவி சுடப் போகலாம் என்று மச்சான் சூசை கூப்பிட்டதால், நேற்று யானைக்கவுனியில் வேட்டை பூட்ஸ் வாங்கினேன். கடையில் நாலைந்து ஜோடி போட்டு நடந்து பார்த்தேன். எல்லாம் ஊமை. புது பூட்ஸ் என்றால் கிறீச்சென்று கத்த வேண்டாமா? கடைசி ஜோடிதான் கத்தியது.

"கேட்டியா நைனா? நீ வர்றது தெருவுக்கே தெரியும்" என்றார் கடைக்காரர். அப்படியே ஆயிற்று. ராயபுரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு எட்டிப் பார்த்தார்கள்.

இன்று காலைப் பூசை முடிந்ததும் கழிக்குப் போனோம். சேற்றோரம் உள்ளான்கள் கூட்டமாக மேய்ந்தன. சூசை துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்த்தான். நான் ஓரடிதான் எடுத்து வைத்தேன். கிறீச்! அத்தனையும் பறந்துவிட்டன.

"அசையாம நில்லு மச்சான்!"

அசையாமல்தான் நின்றேன். மூச்சு விட்டதற்கும் அந்த பூட்ஸ் கத்தியது. சூசை என்னை முழங்கால் தண்ணீரில் தள்ளி, "இன்னா பேஜாரா பூடுச்சி உன்னோட! இங்கியே ஊறிக்கினு கெட" என்றான்.

மத்தியானம் வரை ஊறினேன். சத்தம் அடியோடு நின்றது. அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு குறியும் தப்பவில்லை.

"இப்பதான் இது நல்ல வேட்டை பூட்ஸ். அடுத்த ஞாயித்துக்கெயமயும் இதையே போட்டுக்கினு வா" என்று ஒரே குஷி.

அவனுக்கென்ன! திரும்பி வரும்போது எங்கள் தெருவில் ஒரு நாய்கூட என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பூட்ஸை அடுப்பண்டை காயவைத்திருக்கிறேன். காய்ந்தால் குரல் திரும்பலாம். சூசையிடம் சொல்லப்போவதில்லை.