கண்மாய்க்குள் விழுந்த கோல்

மாப்ளே,

நேற்று புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வடை வாங்கினேன். சுற்றிக் கொடுத்த பேப்பரில் எண்ணெய் ஊறி, சூடான வடை வாசனையோடு எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. ஜகார்த்தா ஏசியன் கேம்ஸில் நம் இந்தியா ஃபுட்பால் டீம் தங்கம் வாங்கிவிட்டதாம்! கிரிக்கெட்டுக்காரர் ஒருவருக்குப் படம் போட்டு முக்கால் பக்கம். நமக்கு ஒரு மூலையில் நாலே வரி. வந்த ஆத்திரத்தில் வடை இறங்கவில்லை. நீ இருந்திருந்தால் டீக்கடைக்காரரைத் தூக்கிச் சுற்றியிருப்பாய். நான் யாரிடம் சொல்லிக் குதிப்பது?

நம் ஊரில் மஞ்சுவிரட்டுக்குத்தான் மரியாதை. அடுத்தது சடுகுடு. டவுன் பையன்களுக்கோ ஹாக்கியும் கிரிக்கெட்டும். சுதந்திரம் வந்த மறுவருஷம் லண்டனில் நம்மாட்கள் வெறுங்காலில் ஃபுட்பால் ஆடித் தோற்றார்கள். அதைப் படித்துவிட்டு, "நம்மளும் வெறுங்காலுதானேடா, நம்ம ஆடுனா என்ன?" என்றாய். டீம் பிறந்தது அப்படித்தான். வறண்ட கண்மாய்தான் மைதானம், மூங்கில் கம்புகள்தான் கோல். "உழுகுற வயசுல தோலை ஒதைச்சுக்கிட்டுத் திரியிறானுக" என்று ஊர் பேசியது. உன் அப்பா பேசவே மாட்டார். உன்னைப் பந்தோடு கண்டால் கரையிலேயே செருப்பைக் கழற்றுவார்.

ஒரு தடவை ஊர் பார்க்கட்டும், பார்த்தால் விடாது என்று நம்பினாய். அலையாய் அலைந்து டவுன் டீமை வரச் சம்மதிக்க வைத்தாய். அது ஐப்பசி மாதம். ஊரே மழைக்கு ஏங்கிக் கிடக்க, நாம் பதினொரு பேரும், "அய்யனாரே, மேட்ச் முடியிற வரைக்கும் பொறுத்துக்க" என்று திருட்டுத்தனமாக வேண்டிக்கொண்டோம். உங்கள் வயலே வெடித்துக் கிடந்தது. வெளியே தெரிந்திருந்தால் தோலை உரித்திருப்பார்கள்.

அய்யனார் பாதி ஆட்டம் வரைதான் பொறுத்தார். கொட்டு கொட்டென்று கொட்டியது. வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்று ஊர் முழுக்கக் கரைக்கு ஓடி வந்தது. பந்து நனைந்து கல்லாய்க் கனத்தது. கணுக்கால் தண்ணீரில் நீ அதை இழுத்துப் போய் உதைத்தாய். கம்புகளுக்கு நடுவே போய் விழுந்தது. அதே நேரம் கரையில் குலவைச் சத்தம்! நீ இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கரையைப் பார்த்து நின்றாய். டவுன் டீம் கோல்கீப்பர் சிரித்தான். "தண்ணிக்குப் போடுறாங்கப்பா, ஒனக்கில்ல."

கண்மாய்க்கு முதல் தண்ணீர் வந்தால் பெண்கள் குலவை போடுவது நமக்குத் தெரியாதா? உன் கைகள் மெல்லக் கீழே இறங்கின. பந்து மிதக்க ஆரம்பித்ததும் ஆட்டத்தை நிறுத்தினோம். திரும்பும்போது, "ஊர்ல ஒருத்தராச்சும் அந்தக் கோலைப் பாத்திருப்பாகளாடா?" என்று கேட்டாய். எல்லாரும் பார்த்தார்கள் என்றேன். நீ நம்பவில்லை.

மறுநாளே ஏரைப் பிடித்தாய். டீம் கலைந்தது. பல வருஷம் கழித்துத் திருச்சி ஆஸ்பத்திரியில் கடைசிக் காய்ச்சலோடு கிடந்தபோதும் அதையேதான் கேட்டாய்.

அந்த எண்ணெய்ப் பேப்பரோடு நேராக உன் ஆத்தாவிடம் போனேன். படித்துக் காட்டினேன். ஆத்தா பேப்பரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டது.

"அன்னைக்கு மொதக் கொலவை போட்டது நான்தாம்ப்பா."

"தண்ணிக்கா ஆத்தா?"

"தண்ணியை யாரு பாத்தா? எம்புள்ள அடிச்ச பந்து கம்புக்குள்ள போச்சு. வாயி தன்னால கொலவை போட்டுருச்சு. பக்கத்துல நின்னவளுக தண்ணிக்குன்னு நெனச்சு அவளுகளும் போட்டாளுக. அவங்கப்பாரு வேற அங்கிட்டு நின்னாரு. நானும் தண்ணிக்குத்தான்னு இருந்துட்டேன்."

"அவன்கிட்டச் சொல்லலையா?"

"சொன்னா மறுபடி பந்தைத் தூக்கிக்கிட்டுப் போயிருவான்னு பயந்தேன்" என்றது. பிறகு, "சொல்லியிருக்கலாம்ப்பா" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது.

மாப்ளே, தங்கம் வாங்கிய சேதியை வழியில் போகிறவனைக்கூட நிறுத்திச் சொல்லிவிடுவேன். இந்தச் சேதியைக் கேட்க வேண்டியவன் நீ ஒருத்தன்தான். நீ இல்லையேடா.