நூறு எண்ணும்வரை விழாத பந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? தூத்துக்குடியில் வெயில் எப்படி? கொல்லிமலையில் நான் நலமாக இருக்கிறேன், கவலைப்படாதீர்கள்.

ஐந்து நாளாக இங்கே மழை. விடுதிப் பிள்ளைகளுக்கு விளையாட்டெல்லாம் கூடத்துக்குள்தான் நடத்துகிறேன். கலைமணி என்ற ஏழு வயதுப் பெண் மட்டும் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தாள். நேற்று அவளை ஒரேயடியாகக் கூட்டிப்போக அவள் அப்பா மாணிக்கம் வந்துவிட்டார்.

அப்போது பிள்ளைகள் பெரிய போர்வையைச் சுற்றி நின்று விரித்துப் பிடித்து, பந்தை மேலே தூக்கிப்போட்டு அதிலேயே ஏந்திக்கொண்டிருந்தார்கள். நூறு எண்ணும்வரை பந்து கீழே விழக்கூடாது. ஒரு மூலைக்கு ஆள் குறைந்தது.

"அண்ணாச்சி, நீங்க பிடிங்க" என்றேன். கூச்சத்தோடு பிடித்தார். அவர் தடுமாறுவதைப் பார்த்த கலைமணி ஓடிவந்து பக்கத்தில் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இன்னும் மேல தூக்குங்க!"

அவள் அழாமல் பேசியதை நேற்றுதான் கேட்டேன். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு! கூடமே அதிர்ந்தது.

"பொட்டிய எடு சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்றார் மாணிக்கம்.

"நீங்க போங்கப்பா. நான் லீவுக்கு வாரேன். இன்னும் ஆட்டம் இருக்குது."

அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஜெயித்துவிட்டேன் அப்பா! அவர் ஏறிய பஸ் வளைவில் மறையும்வரை வாசலில் நின்று பார்த்தது நான்தான். கலைமணி எப்போதோ உள்ளே ஓடிவிட்டாள்.

போர்வை கிழிந்துவிட்டது. அம்மாவின் பழைய சேலை இரண்டு அனுப்புங்கள். ஒன்று விளையாட்டுக்கு, ஒன்று நான் போர்த்திக்கொள்ள. பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள்
மேனகா