அடியில் படி வைத்த படகு

ஆம்பூர்,
20 ஜனவரி, செவ்வாய்.

அன்புள்ள ஹீனாவின் அப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் ஹீனாவும் நலம். நீங்கள் நலமாக இருக்க எந்நேரமும் துஆ செய்கிறோம். வெள்ளிக்கிழமை சத்தார் ஷார்ஜா வருகிறார். அவரிடம் எலுமிச்சை ஊறுகாயும், எங்கள் கம்பெனியில் தைத்த செருப்பு ஒரு ஜோடியும், இந்தக் கடிதமும் கொடுத்து அனுப்புகிறேன். ஊறுகாயை ரூமில் எல்லாருக்கும் கொடுங்கள். கடிதத்தை மட்டும் தனியாகப் படியுங்கள்.

காணும் பொங்கல் அன்று நடந்த படகுப் போட்டியைப் பற்றி உங்கள் அண்ணன் ஃபோனில் சொன்னாரே, அதில் ஏரி ஒன்றுதான் உண்மை. மிச்சத்தை நான் சொல்லலாம் என்றால், இங்கே அவர் பக்கத்திலேயே நிற்கிறார். அங்கே நீங்கள் ஸ்பீக்கரில் போட்டு ஆறு பேர் சேர்ந்து கேட்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மலையடி ஏரி இந்த மழையில் கரை வரைக்கும் நிரம்பியது உங்களுக்குத் தெரியும். உடனே உங்கள் அண்ணன் செருப்புக் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு, எங்கிருந்தோ பழைய ஃபைபர் படகு ஒன்றை லாரியில் ஏற்றி வந்ததும் தெரியும். நாற்பது குதிரைத்திறன் மோட்டார். அப்போது அது மணிக்கு நாற்பத்தொரு கிலோமீட்டர் ஓடியது. என் ஃபோனில்தான் வேகம் பார்த்தோம். ஏரியில் மீன் பிடிக்கக் குத்தகை எடுத்திருக்கும் காசி அண்ணனின் படகு நாற்பத்து மூன்று. அந்த இரண்டு கிலோமீட்டரில் உங்கள் அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது. அப்போதுதான் நீங்கள் அடியில் படி வைத்த படகின் படத்தை வரைந்து அனுப்பினீர்கள்.

படகின் அடியில் குறுக்கே இரண்டு படி வைத்தால், வேகமெடுக்கும்போது படிக்குப் பின்னால் காற்று புகுந்து நிற்கும், அந்த இடத்தில் தண்ணீர் ஒட்டாது, ஒட்டுவது குறைந்தால் வேகம் கூடும் என்று நீங்கள் ஒன்பது வருடமாக எனக்குச் சொல்லிவருகிறீர்கள். எனக்கு அது முதல் நாளே புரிந்தது. குதிகால் வைத்த ஷூவின் நடுப்பாகம் தரையில் படாது இல்லையா, அந்த மாதிரி. உங்கள் அண்ணனிடமும் அப்படியே சொன்னேன். அவர், “இதெல்லாம் எனக்குத் தெரியும் வஜீதா” என்றார். தெரியாதபோதுதான் அவர் அப்படிச் சொல்வார்.

ஃபைபர் தண்ணீர்த் தொட்டி ஒட்டுகிற ஆளை வைத்து, நீங்கள் கொடுத்த அளவில் இரண்டு படியும் எடுத்தோம். காற்று புக ஒவ்வொரு படிக்கும் இரண்டு பக்கமும் ஓட்டை மாதிரி வாய் விட்டோம். மறுநாள் ஏரியில் விட்டால் முப்பத்தாறுதான் ஓடியது. முன்னால் இருந்ததைவிடக் கம்மி. கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உங்கள் அண்ணன் அங்கேயே, “ஒம்போது வருஷம் போட் கம்பெனில இருந்து இவன் இன்னாத்த கத்துக்கினான்? செருப்பு தைக்கிற ஊர்ல வந்து போட் கட்றானாம், போட்” என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார்.

எனக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் தைத்தது. இந்தப் படி நம் ஊர்த் தண்ணீரில் ஓடிவிட்டால் வேலையை விட்டு வந்து இங்கேயே பட்டறை போடுகிறேன் என்று நீங்கள் சொன்னது எனக்கு மட்டும்தானே தெரியும். படகைக் கரையேற்றியதும் நானே குனிந்து பார்த்தேன். பக்கத்து வாய்கள் நான்கும் அடைத்திருந்தன. சாக்லேட் நிறத் தோலை அளவாக நறுக்கி, ஷூவுக்கு ஒட்டும் கோந்து போட்டு, ஓரம் மடித்து, சுருக்கமே இல்லாமல் ஒட்டியிருந்தது. அது எங்கள் கம்பெனியில் வெட்டி மிஞ்சிய தோல். நான்தான் ஹீனாவின் பைக்கு ஆகும் என்று எடுத்துவந்து வைத்திருந்தேன்.

உங்கள் அண்ணனைக் கேட்டால், “ஓட்ட போட்ட போட்டுன்னு ஜனங்க சிரிப்பாங்கம்மா. அதான் நீட்டா ஃபினிஷிங் குடுத்தேன்” என்கிறார். காற்று போகிற வழியை மூடிவிட்டால் படி தண்ணீரைப் பிடித்து இழுக்காமல் என்ன செய்யும். நான்கையும் பிய்த்து எறிந்தேன். அவர் ஒட்டிய பொருள் எதுவும் இத்தனை உறுதியாக ஒட்டி நான் பார்த்ததில்லை. என் நகம் இரண்டு போயிற்று. அடுத்த ஓட்டத்தில் நாற்பத்தாறு. ஃபோனை மூன்று முறை பார்த்தேன். நாற்பத்தாறேதான்.

போட்டியில் ஒரு படகுக்கு இரண்டு பேர் என்று அதை நடத்தும் இளைஞர் மன்றத்தில் முன்பே சொல்லியிருந்தார்கள். உங்கள் அண்ணனோடு வருவதாக இருந்தவர் முந்தின நாளே காய்ச்சல் என்று படுத்துவிட்டார். படகைப் பார்த்த பிறகு வந்த காய்ச்சல். வேறு யாரும் வரவில்லை. நான் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன். உங்களிடம் கேட்காமல் ஏறியது தப்புதான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், அதனால் கேட்கவில்லை.

கரையிலிருந்து நேராகப் போய், அக்கரையில் மிதக்கும் நீல டிரம்மைச் சுற்றித் திரும்ப வேண்டும். கிளம்பும்போது காசி அண்ணன்தான் முந்தினார். மெதுவாகப் போகும்போது படி பாரம்தான் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள், அதனால் நான் பயப்படவில்லை. உங்கள் அண்ணன் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தார். பாதி ஏரி போனதும் படகு சட்டென்று லேசாகிவிட்டது. அடியில் சலசலப்பு நின்று ஒரு மாதிரி ஊதுகிற சத்தம் வந்தது. காற்று புகுந்து நிற்கும் என்று நீங்கள் சொல்வது அதைத்தான் போலிருக்கிறது. காசி அண்ணனைத் தாண்டினோம். உங்கள் அண்ணன் திட்டுவதை நிறுத்திவிட்டு, “நம்ம ஐடியா எப்படி?” என்று என்னைக் கேட்டார்.

டிரம் நெருங்கியது. படி வைத்த படகை முழு வேகத்தில் ஒடித்துத் திருப்பினால் பின்பக்கம் வழுக்கிவிடும் என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. “பாய், ஸ்பீடக் கம்மி பண்ணுங்க, அவரு சொல்லியிருக்காரு” என்று கத்தினேன்.

“அவன் ஷார்ஜால இருக்கான். ஏரில இருக்கறது நானு” என்றார்.

அடுத்த நொடி அந்தப் பேச்சு அப்படியே நிஜமாகிவிட்டது. படகு சுண்டிவிட்ட காசு மாதிரி ஒரு சுற்று சுற்றி நின்றது. அவர் உட்கார்ந்திருந்த இடம் காலி. நான் கம்பியைப் பிடித்திருந்ததால் பிழைத்தேன். நீங்கள் சொன்னபடி அவர் மணிக்கட்டில் நான் கட்டிவிட்ட, பிடுங்கினால் மோட்டாரை நிறுத்தும் சிவப்புக் கயிறு அவரோடு போனதால் மோட்டாரும் உடனே நின்றுவிட்டது. இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை.

லைஃப் ஜாக்கெட்டில் தலை மட்டும் தெரிய மிதந்தார். காசி அண்ணன் படகை நிறுத்திக் கை நீட்டினார். உங்கள் அண்ணன், “நீ போ காசி, ரேஸ் நடக்குது” என்று தண்ணீரில் இருந்தபடியே பெரிய மனுஷத்தனம் காட்டினார். “ரேஸ் கெடக்கட்டும், கையக் குடு பாய்” என்று காசி அண்ணனும் அவர் படகில் இருந்த மைத்துனரும் பிடித்து இழுத்தார்கள். மூன்றாவது இழுப்பில்தான் ஏறினார். அதன்பிறகு காசி அண்ணன் படகின் பின்பக்கம் தண்ணீரோடு தண்ணீராக அழுந்திவிட்டது, நகரவே இல்லை.

ஸ்டியரிங்குக்கு அடியில் மாற்றுக் கயிறு இருந்தது. மாட்டிப் பொத்தானை அழுத்தினேன், மோட்டார் பிடித்துக்கொண்டது. மெதுவாகக் கொண்டுபோகத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் எதிரே நேர்க்கோடு மாதிரி தண்ணீர், கரையில் அத்தனை ஜனம், ஹீனா வேறு மேலே கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள். ஆக்ஸிலேட்டரை முழுதாகத் தள்ளிவிட்டேன். நாற்பத்தொன்பது. ஆள் குறைந்ததும் ஒரு காரணம் என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

பரிசு எங்களுக்கு இல்லை. ஒரு படகு ஓர் ஆள் குறைந்து வந்தது, இன்னொன்று ஓர் ஆள் கூடி வந்தது, சட்டத்தில் இதற்கு வழி இல்லை என்று அரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் ஆளைக் காப்பாற்றிய காசி அண்ணனுக்கு முதல் பரிசுக் குக்கரைக் கொடுத்தார்கள். நான்தான் முதலில் கைதட்டினேன்.

காசி அண்ணன் குக்கரைக் கீழே வைத்துவிட்டு, நம் படகின் அடியைத் தடவிப் பார்த்தார். “இதே மாதிரி என் போட்டுக்கும் படி எடுத்துத் தருவாரா உங்க வூட்டுக்காரரு?” என்று கேட்டார். வேறு ஏரிக் குத்தகைக்காரர்கள் இரண்டு பேரும் கூடவே கேட்டார்கள். உங்கள் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “என் தம்பிதான் இதெல்லாம். அவன் கை வெச்சா சும்மாவா” என்றார். அவர் வாயால் அதைக் கேட்க நான் ஏரியில் விழவும் தயாராக இருந்தேன். நல்லவேளை, அவரே விழுந்துவிட்டார். அவரைக் கோபிக்காதீர்கள். அன்று முதல் தும்மிக்கொண்டே இருக்கிறார், கஷாயம் நான்தான் வைத்துத் தருகிறேன்.

எப்போது வருவார் என்று காசி அண்ணன் கேட்டதற்கு, நோன்பு பிறப்பதற்குள் வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. ஹீனாவிடம் மட்டும் சொல்லவில்லை. போன முறையும் அதற்கு முந்தின முறையும் தேதி சொல்லி அவள் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டாள். டிக்கெட் எடுத்ததும் நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.

அல்லாஹ் உங்களை நல்லபடியாக வழி நடத்தட்டும். வரும்போது எனக்கு எதுவும் வாங்க வேண்டாம், பெட்டி பாரமில்லாமல் வாருங்கள்.

உங்கள்
வஜீதா