மலை நிறத்தில் ஒரு சுவர்

தரங்கம்பாடி
3 மார்ச் 2025

சர்வேயர் ஐயா அவர்களுக்கு,

எழிலரசி எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? தைலம் சமையலறை மேல்தட்டில், ஏலக்காய் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. இந்தப் பதினான்கு மாதத்தில் தேடியிருக்க மாட்டீர்கள்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் "எப்ப வர்ற?" என்கிறீர்கள். நான்காவது நிமிடம் நான் வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். இதில் அந்தக் கேள்வி கூடாது.

நீங்கள் வந்து பார்க்காத வீடு என்பதால் சொல்கிறேன். நானும் ஜாஹிராவும் குத்தகைக்கு எடுத்தபோது கூரையில்லாத கூடமும் எருக்கஞ்செடியும்தான் இருந்தன. இப்போது விடிந்ததும் கடலின் வெளிச்சம் கூடத்துக்குள் வந்து உத்திரத்தில் அசைகிறது. படுத்துக்கொண்டே பார்த்தால் வீடு மெல்ல எங்கோ மிதந்து போவதுபோல இருக்கும். நான் பல நாள் அப்படியே கிடந்து, பால்காரர் மணியடித்த பிறகுதான் எழுந்திருக்கிறேன்.

பிறர் வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து தருகிறோம். எங்கள் வீடுதான் கடை. வருகிறவர்கள் திரையைத் தொட்டுப் பார்க்கிறார்கள், சுவரைத் தடவிப் பார்க்கிறார்கள், "எங்க வீட்டுக்கும் இதே மாதிரி" என்கிறார்கள். சிலர் இதே மாதிரி வேண்டாம், இதுவேதான் வேண்டும் என்று தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். போன வாரம் சாப்பாட்டு மேசை போய்விட்டது. தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

ஓர் உதவி. ஒரு வாடிக்கையாளருக்கு, சாயங்காலத்தில் நம் மலை எந்த நிறமோ அந்த நிறத்தில் ஒரு சுவர் வேண்டுமாம். சுண்ணாம்பில் நிறத்தைக் கலந்து அடிக்க வேண்டும். போட்டோ வேண்டாம். ஒவ்வொரு போனும் ஒரு நிறம் காட்டும். நீங்கள் பார்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
எழில்


வேங்கிக்கால்
11 மார்ச் 2025

அன்புள்ள எழிலுக்கு,

தைலம் கிடைத்தது. அதற்குப் பின்னால் நான் ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த கண்ணாடியும் கிடைத்தது.

நீ சொன்னபடி மொட்டைமாடியில் நின்று பார்த்தேன். மலை கருநீலம். ஆறு மணிக்குக் கொஞ்சம் நீலம் ஜாஸ்தி, ஆறரைக்குக் கருப்பு ஜாஸ்தி. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு வயலின் நான்கு மூலையையும் கேள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நிறம் என் இலாகா இல்லை.

பௌர்ணமி கிரிவலக் கூட்டம் இப்போதே வரத் தொடங்கிவிட்டது. வண்டியை எடுக்க முடியாது. மூன்று நாளைக்குத் தயிர் வாங்கி வைத்துவிட்டேன்.

ஒரு விஷயம். எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் அருண்பிரசாத் குடும்பத்தோடு வீடு தேடுகிறார். நம் வீட்டை முழுசாக வாடகைக்குக் கேட்கிறார். என் ஒருத்தனுக்கு ஒரு ரூம் போதும். கொடுத்துவிடட்டுமா, வேண்டாமா? சித்திரைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். நீ கூடாது என்று சொன்ன கேள்வியை நான் கேட்கவில்லை. ஆனால் இதற்கு நீ சொல்லும் பதிலே எனக்கு அதற்கும் பதில்.

அன்புடன்,
புகழேந்தி


தரங்கம்பாடி
19 மார்ச் 2025

சர்வேயர் ஐயா அவர்களுக்கு,

கண்ணாடி கிடைத்ததில் சந்தோஷம். அதைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பாருங்கள்.

நீங்கள் எழுதியபடியே கரியும் நீலமும் கலந்து அடித்தேன். சுண்ணாம்பு ஈரத்தில் ஒரு நிறம் காட்டும், காய்ந்தால் வேறொன்றாகிவிடும். நான்கு நாள் காத்திருந்தேன். காய்ந்த பிறகு பார்த்தால், விளக்கில்லாத ஊரில் யாரோ நம்மைப் பார்த்து நிற்பதுபோல அவ்வளவு பெரிய இருட்டு. ஜாஹிரா திரைத்துணியோடு உள்ளே வந்தவள், "அக்கா, இந்த ரூம்ல சத்தமாப் பேசவே மனசு வரலக்கா" என்று சொல்லிவிட்டு மெதுவாக நடந்து வெளியே போனாள்.

வாடிக்கையாளர் இது இல்லை என்கிறார். சாயங்கால மலையில் ஒரு சிவப்பு இருக்குமாம். ஆறின வெல்லப்பாகில் மஞ்சள் விழுந்ததுபோல. அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறதாம்.

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுவர் முடியட்டும், எழுதுகிறேன். உப்புக்காற்றில் இரும்பு வளையங்கள் எல்லாம் துருப்பிடித்துத் திரையில் கறை விழுகிறது. பித்தளைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

எழில்


வேங்கிக்கால்
31 மார்ச் 2025

அன்புள்ள எழிலுக்கு,

பத்து நாள் பார்த்தேன். பக்கத்து வீட்டு சுப்பிரமணி சும்மா இருக்கவில்லை. "இன்னாங்க சார், தெனம் இந்நேரத்துக்கு மாடியில நின்னுகினு கீறீங்க, யாருனா வராங்களா?" என்றார். மலையைப் பார்க்கிறேன் என்றேன். "மலை எங்கியும் போவாதுங்க" என்று சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் விட்டார்.

எழில், இங்கே சிவப்பு இல்லவே இல்லை. இருக்கவும் முடியாது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிறது. நம் பக்கம் நிழல். உன் வாடிக்கையாளர் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நாலாவது நாளுக்கு மேல் எனக்கு மலையைப் பார்க்காமல் சாப்பிடப் போக முடியவில்லை. பறவைகள் திரும்பிப் போனபிறகு ஒரு நிமிஷம் எல்லாம் நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் நீ ஒரு டம்ளரோடு படியேறி வருவதுபோல இருக்கும். திரும்பிப் பார்ப்பதில்லை, பார்த்தால் இருக்கமாட்டாய் என்பதால்.

சித்திரை நெருங்குகிறது. அருண்பிரசாத் தினமும் கேட்கிறார்.

புகழேந்தி


தரங்கம்பாடி
7 ஏப்ரல் 2025

சர்வேயர் ஐயா அவர்களுக்கு,

மலையை இத்தனை வருஷமாக ஒரே இடத்தில் நின்றே பார்த்திருக்கிறீர்கள். ஒரு வயலை அப்படி அளப்பீர்களா?

எழில்


அடி அண்ணாமலை
14 ஏப்ரல் 2025, இரவு ஏழு மணி

அன்புள்ள எழிலுக்கு,

உன் தம்பி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆபீஸ் லீவு. மூன்று மணிக்கே வந்துவிட்டேன். வளவன் வாசலிலேயே, "இன்னா மாமா, கூப்ட்டாலே வரமாட்டீங்க, கூப்டாமயே வந்துட்டீங்க" என்றான். மலை பார்க்க வந்தேன் என்றதும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

இருபத்துமூன்று வருஷத்தில் இங்கே எத்தனை விருந்துக்கு வந்திருப்பேன். எல்லாம் மத்தியானம். சாப்பிட்டுக் கைகழுவி, நாலு மணிக்குள் உன்னைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவேன். நீ வண்டியில் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்ப்பாய். ஏதோ மறந்து வைத்துவிட்டாய் என்று நினைப்பேன்.

இன்றைக்கு மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் சூரியன் என் முதுகுக்குப் பின்னால் இறங்கியது. வெளிச்சம் முழுக்க மலைமேல். முதலில் காய்ந்த புல் மஞ்சளாயிற்று. பிறகு பாறைகள் உள்ளேயிருந்து சூடேறியதுபோல ஒவ்வொன்றாகச் சிவந்தன. வெல்லப்பாகு என்று எழுதியிருந்தாய், சரிதான். ஆனால் கீழிருந்து நிழல் ஏறிக்கொண்டே போகும்போது சிவப்புக்கும் நிழலுக்கும் நடுவில் ஒரு ஊதா ஓடுகிறது. கோடு போல இல்லை. அளக்க முடியாது. உச்சியில் கடைசியாக ஒரு துளி நின்றது. அது போனதும் எனக்கு அழுகை வந்தது. வளவன் மாட்டைக் கட்டப் போயிருந்தான், நல்லவேளை.

வாடிக்கையாளர் யாரும் இல்லை, இல்லையா? பிறந்ததிலிருந்து நீ இதைப் பார்த்தவள். என்னைக் கேட்டா தெரிந்துகொள்ள வேண்டும்?

வேங்கிக்கால் வீடு கட்டும்போது படுக்கையறையில் மலை தெரிய ஒரு ஜன்னல் கேட்டாய். நான் அந்தச் சுவரில் மாடிப்படியைக் கொண்டுவந்தேன். அளவு சரியாக இருந்தது என்று பெருமைப்பட்டேன். அதைக்கூட நீ பொறுத்துக்கொண்டாய். செங்கம் ரோட்டில் நீயும் ஜாஹிராவும் அலங்கரித்த விடுதியைப் பார்த்துவிட்டு ஆபீஸ்காரர்கள் பாராட்டியபோது, உன் முன்னாலேயே, "பொழுது போவலன்னு ஏதோ திரை தைக்கிறா" என்றேன். அதற்கு அடுத்த வாரம் நீ போனாய். ஏன் போனாய் என்று எனக்குத் தெரியாததுபோல இத்தனை நாள் "எப்ப வர்ற" என்று கேட்டிருக்கிறேன். தெரியும். தப்பு என்னுடையது.

இனி அதைக் கேட்கமாட்டேன். வீட்டை என்ன செய்ய என்று மட்டும் சொல்.

உன்,
புகழேந்தி


தரங்கம்பாடி
21 ஏப்ரல் 2025

அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தை நேற்று மத்தியானம் படித்தேன். ஜாஹிரா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, பிறகு தட்டை மூடிவைத்துவிட்டுப் போய்விட்டாள். திரைகள் உள்ளே வந்து வந்து போய்க்கொண்டிருந்தன. சாயங்காலம் வரை அந்தச் சுவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வாடிக்கையாளர் நான்தான். அது என் அறை. மலையின் நிறம் எனக்குத் தெரியும். நீங்கள் அதைப் பார்ப்பீர்களா என்பதுதான் தெரியாமல் இருந்தது. நேரே கேட்டிருந்தால், "மலை மலை நிறம்தான்" என்று எழுதியிருப்பீர்கள்.

உங்கள் கருநீலத்தை அழிக்கவில்லை. இந்த மாதத் தொடக்கத்தில் அதன்மேலேயே செம்மண்ணும் மஞ்சளும் கலந்து மெல்லிசாக இரண்டு கை அடித்தேன். காய்ந்ததும் நடுவில் அந்த ஊதா தானாகவே வந்தது. நான் அதைக் கலக்கவே இல்லை. அது அங்கே இருக்கும் என்று உங்கள் கடிதம் வரும்வரை எனக்கு ஞாபகமும் இல்லை. பதினைந்து நாள் உங்கள் இருட்டு மலைக்கு எதிரில் படுத்துத் தூங்கினேன். தினமும் ஆபீஸிலிருந்து வந்து இதைத்தான் தனியாகப் பார்த்தீர்களா என்று நினைத்தேன்.

கோபம் முழுசாகப் போகவில்லை. அந்த "ஏதோ" இன்னும் காதில் கேட்கிறது. நீங்கள் அதை மறந்திருப்பீர்கள் என்று நினைத்ததுதான் அதைவிட வலித்தது. மறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இப்போதைக்கு அது போதும்.

வீட்டை அருண்பிரசாத்துக்கே கொடுத்துவிடுங்கள். நான் அங்கே திரும்பி வரமாட்டேன். என் வேலை இங்கே இருக்கிறது, என் வீடும் இதுதான். இதைப் படித்துவிட்டு உடனே கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள், இன்னும் இருக்கிறது.

மலைச்சுவருக்கு எதிர்ச்சுவரில் ஜன்னல் இல்லை. அதற்குப் பின்னால் கடல். இடிக்க ஆள் சொல்லி, இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டேன். எங்கே ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு அகலம் என்று எனக்குக் குறிக்கத் தெரியவில்லை. பழைய சுவர், ஒரு விரற்கடை தவறினாலும் மேலே விரிசல் விடும். உங்கள் டேப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அது கிழக்குப் பக்கம். அங்கே வெளிச்சம் விடியற்காலையில்தான் வரும். அதனால் வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். சனிக்கிழமை கிளம்பினால் மத்தியானம்தான் வந்து சேர்வீர்கள், மத்தியானத்தில் எதுவும் தெரியாது.

தைலத்தையும் எடுத்து வாருங்கள். இங்கே தரையில்தான் உட்கார வேண்டும்.

உங்கள்,
எழில்